எட்டாம் நாள் போய்ப் பார்

ஏய்யா, உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. டாக்டர் எழுதியிருக்கிறார் என்று தெருமுனையிலிருந்தே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்துதான் தபால்காரர் அதை என் கையில் கொடுத்தார். நீ சுகமாயிருக்கிறாய் என்று படித்ததும் வயிறு குளிர்ந்தது. கீழே படிக்கப் படிக்கத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் மேஜையில் பதினோரு பேர் கொண்ட ஒரு பட்டியல் கிடக்கிறது என்கிறாய். எல்லாரும் ஊர் மருத்துவச்சிகள், நாவிதர்கள், பச்சிலை வைத்தியம் பார்க்கிறவர்கள். சர்க்கார் புத்தகத்தில் பெயர் பதியாதவர்கள். ஆள் போதாததால் அவர்களைப் பழக்கி அம்மை குத்த உத்தரவு கொடுக்கலாமா என்று மேலிடத்தில் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். நீ பதினோரு பெயரையும் அடித்துவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். ‘அம்மை குத்துகிறவள் வீட்டிலேயே, குத்தின பாலை அப்பா துடைத்துப் போட்டார், தங்கச்சி போய்ச் சேர்ந்தாள். சொந்த வீட்டைத் திருத்த முடியாதவர்கள் ஊரையா திருத்தப் போகிறார்கள்? உன்னைச் சொல்லவில்லை அம்மா’ என்று முடித்திருக்கிறாய். என்னைத்தான் சொல்லியிருக்கிறாய், டாக்டரய்யா. உனக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

நாலு நாளாக இந்தக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அதைப் பழித்தால் பழி உனக்குத்தான் வரும், எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவனே நீதானே. உனக்கு அப்போது பத்து வயது. பெரியகுளத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா ஊருக்கு ஒரு மருத்துவச்சியைக் கூப்பிட்டுப் பழக்கப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு தடவை கோட்டுப் போட்ட ஒருவர் சைக்கிளில் வந்து அம்மை குத்துவார். அவர் தலை ஆற்றுப்பாலத்தில் தெரிந்ததும் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கம்பங்கொல்லைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட உன்னைப் போன்றவர்களுக்குத்தான் அவர் குத்த முடிந்தது. முன்பின் தெரியாத ஆம்பளைக்கு யார் பிள்ளையின் கையை நீட்டுவார்கள்? பேறுகாலம் பார்த்து அந்தப் பிள்ளைகளை வெளியே எடுத்த மருத்துவச்சி கையே குத்தட்டும் என்று டாக்டரம்மா நினைத்தது நல்ல நினைப்புத்தான். ஆனால் பிள்ளையின் பெயரை எழுதத் தெரிய வேண்டும், குத்தினது பலித்ததா இல்லையா என்றும் எழுதத் தெரிய வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். அடுப்படியில் சிலேட்டை வைத்துக்கொண்டு நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். பலித்தது என்று ஒரு வரி, பலிக்கவில்லை என்று ஒரு வரி. பலிக்கவில்லை ரொம்ப நீளமாக இருக்கிறதே, சின்னதாக ஒன்று சொல்லேன் என்று நான் கேட்டதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். தங்கச்சி பேச்சி உன் முதுகில் தொற்றிக்கொண்டு, என்னவென்று தெரியாமலே அவளும் சிரித்தாள். மூன்று வயது அவளுக்கு.

பத்து நாள் பழக்கினார்கள். டாக்டரம்மா மலையாளத்துக்காரர். பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினாலும் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை செய்துகாட்டுவார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, நன்றாக உலர விடு, அம்மைப்பாலை ஒரு சொட்டு விடு, அதன் மேலேயே கீறு, அதுவாகவே காயட்டும். துடைக்காதே, கட்டுப் போடாதே, சாராயமருந்து எதுவும் மேலே படவிடாதே, பட்டால் பாலின் உயிர் போய்விடும். எட்டாம் நாள் போய்ப் பார். முத்துப் போல நீர்கோத்து எழும்பியிருந்தால் பலித்தது. வெறுமனே சிவந்திருந்தால் பலிக்கவில்லை, திரும்பக் குத்து. இதையெல்லாம் நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முடிவில், அம்மை குத்தலாம் என்று முத்திரை போட்ட ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். உன் அப்பா அதைக் கத்தியும் சாணைக்கல்லும் வைத்திருக்கும் அடைப்பப் பெட்டியில், கண்ணாடிக்கு அடியில் பத்திரப்படுத்தினார். முகம் வழிக்க வந்தவர்களிடமெல்லாம் பெட்டியைத் திறந்து கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். காட்டாதீர்கள், கண் பட்டுவிடும் என்று நான்தான் கடிந்துகொள்வேன்.

சீட்டு வந்தது, கை நீட்டத்தான் ஆள் வரவில்லை. சித்திரை மாதம், வீரபாண்டித் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. ஆத்தாளுக்குக் காப்புக் கட்டின நாளில் அவள் பிள்ளைகளின் தோலைக் கீறினால் சும்மா விடுவாளா என்று கேட்டார்கள். கேட்டவர்கள் யார்? என் கையால் பிள்ளை பெற்றவர்கள். கடைசியில் பூசாரி பெண்டாட்டி கருப்பாயி அக்காதான் வழி சொன்னாள். “நீ கீறிக்க தாயி, வேணாங்கல. கீறுன கையோட ஆத்தா மஞ்சளையும் வேப்பிலையையும் அரைச்சு அப்பிருவோம். அவளுக்கும் மனசு குளிரும், எங்களுக்கும் பயம் போகும். மொதல்ல ஒம் பிள்ளைக்குச் செய்யி” என்றாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சாராயமருந்து கூடாது என்றார்களே தவிர மஞ்சள் கூடாது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. கீறின இடத்தில் மஞ்சளை அப்பி அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. நம் வீட்டில் அரிவாள் பட்டால் மஞ்சள், அடுப்புச் சுட்டால் மஞ்சள், தொப்புள்கொடி அறுத்தால் மஞ்சள். மஞ்சள் கெடுதல் செய்யும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். கோயில் முன்னால் பேச்சியை மடியில் வைத்து, ஊர்ப் பெண்கள் பார்க்க, அவளுக்குத்தான் முதலில் குத்தினேன். அவள் அழவில்லை. “அம்மா எனக்கும் பொட்டு வச்சுட்டா” என்று கையைத் தூக்கி எல்லாரிடமும் காட்டினாள். சொட்டுக் காயவில்லை, அதற்குள் கருப்பாயி அக்கா மஞ்சளை அப்பினாள். நானும் அழுத்திவிட்டேன். என் விரல்தான், ஐயா. அதைப் பார்த்து வரிசையாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். ஊரையே ஜெயித்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு வந்து உங்களுக்குப் பணியாரம் சுட்டேன். உனக்கு நினைவிருக்கும்.

எட்டாம் நாள் வந்தது. தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தேன். ஒன்றிரண்டு கைகளில் முத்து எழும்பியிருந்தது. மற்றதெல்லாம் எறும்பு கடித்த மாதிரி சிவப்பு. பேச்சி கையிலும் அப்படித்தான். மறுநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து என் அம்மைப் புத்தகத்தைப் பார்ப்பதாக இருந்தது. பக்கம் முழுக்கப் பலிக்கவில்லை என்று இருந்தால், மருத்துவச்சிக்கு இதெல்லாம் எதற்கு என்று சீட்டைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்தேன். இன்னும் கொஞ்சநாளில் முத்துப் போடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாப் பெயருக்கும் நேராகப் பலித்தது, பலித்தது, பலித்தது என்று எழுதினேன். பேச்சியம்மாள் என்று எழுதி அதற்கும் பலித்தது என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் மறுநாள் புத்தகத்தைப் பார்த்து, உன் எழுத்து முன்னேறியிருக்கிறதே என்று மெச்சிக்கொண்டு போனார். நீ சொல்லிக்கொடுத்த இரண்டு சொல்லில் நான் எழுத வேண்டியது ஒன்று, நான் எழுதினது இன்னொன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன், பத்து மாதத்துக்கு.

பங்குனியில் ஆத்தா ஊருக்குள் வந்தாள். உனக்கும் நினைவிருக்கும் என்பதால் அதை நீட்டி எழுத மாட்டேன். நாலைந்து பிள்ளைகள் படுத்தார்கள். மற்றப் பிள்ளைகளைத் தழும்போடு விட்டுவிட்டாள். நம் பிள்ளையைத்தான் எடுத்துக்கொண்டாள். வேப்பிலையில் படுத்துக்கொண்டு, அண்ணன் எங்கே, அண்ணன் எங்கே என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். நீ வாசலில் நின்று, ‘இங்கனதான இருக்கேன்’ என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாய். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. உனக்கு இருக்கிற பொறுமை உனக்கு அங்கேதான் வந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அம்மை குத்தின பிள்ளை எப்படிச் செத்தது என்று கேட்டு இன்ஸ்பெக்டர் வந்தார். புத்தகத்தில் பலித்தது என்று இருக்கிறதே என்று அதை என் முன்னால் விரித்துப் பிடித்தார். தெருவே கூடி நின்றது. அப்போது உன் அப்பா முகம் வழித்துக்கொண்டிருந்த ஆளைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தார். “சாமி, அவ குத்துனது குத்துனதுதான். எனக்குத்தான் பயம். அன்னைக்கே வீட்டுல வச்சு ஈரத்துணியால துடைச்சுப்புட்டேன். எட்டாம் நாளு அவ பேறுகாலம் பாக்கப் போயிருந்தா. முத்துப் போட்டுருச்சுன்னு நாஞ்சொன்னத நம்பி எழுதிக்கிட்டா” என்றார். இன்ஸ்பெக்டர் அவரை நடுத்தெருவில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசினார். பெற்ற பிள்ளைக்கு எமனாகிவிட்டாயே என்றார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் சாமி, ஆமாம் சாமி என்று மட்டும் சொன்னார். நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அவ்வளவையும் கேட்டாய்.

அதில் ஒரு சொல்கூட நிஜம் இல்லை, ஐயா. அவர் துடைக்கவில்லை. எட்டாம் நாள் நான் எந்தப் பேறுகாலத்துக்கும் போகவில்லை. பார்த்தேன், தெரிந்தேதான் எழுதினேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது நம் வீட்டில்தான் நடந்தது. எதற்காக இப்படிச் சொன்னீர்கள் என்று அன்றைக்கே அழுதுகொண்டு கேட்டேன். “என் கையில கத்தி இருக்கு, அதை எவனும் பிடுங்க மாட்டான். ஒங் கையில இருக்கறதப் பிடுங்கிட்டா, இந்த ஊரு மறுபடியும் கம்பங்கொல்லைக்குத்தான் போகும். பழி எங்கிட்ட இருக்கட்டும். நீ ஒழுங்காக் குத்து” என்றார். அவ்வளவுதான் அவர் பேசினது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலையில் வண்டி பிடித்துப் பெரியகுளம் போய் டாக்டரம்மா முன்னால் நின்றேன். மஞ்சள் பூசினதைச் சொன்னேன். எட்டாம் நாள் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். என் முகத்தையே பார்த்தார்கள். புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கேட்கவில்லை. நான் மஞ்சளைச் சொன்னேன், பொய்யை விழுங்கிவிட்டேன். தாம் பாடம் சொல்கிற நோட்டை எடுத்து, மஞ்சள், வேப்பிலை, சுண்ணாம்பு, சாம்பல், தாய்ப்பால், இன்னும் என்னென்ன வைப்பீர்கள் சொல் என்று கேட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்கள். பழக்க வந்தவர் என்னிடம் பாடம் கேட்டார். பிறகு இரண்டு பெட்டி அம்மைப்பால் கொடுத்து, ஊருக்குப் போய் முதலிலிருந்து குத்து என்றார்கள்.

மஞ்சளை விடு என்று ஊரில் சொன்னால் பாலையும் விடு என்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கருப்பாயி அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். அவள் பேத்திக்கும் அந்தப் பங்குனியில் முகமெல்லாம் தழும்பு. அக்கா, வலது கை ஆத்தாளுக்கு, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் மஞ்சள் அப்பு, இடது கையை எட்டு நாளைக்கு எனக்குக் கொடு, எட்டாம் நாள் நான் வந்து பார்த்த பிறகு அதிலும் பூசிக்கொள் என்றேன். ஆத்தாளுக்கு ரெண்டு கையுமா வேணும், ஒண்ணு போதும் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்தாள். இன்றைக்கு வரைக்கும் நம் பக்கத்து ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. இந்த வழியைக் கோட்டுக்காரர் கண்டுபிடித்திருக்க மாட்டார், நீயும் கண்டுபிடித்திருக்க மாட்டாய், கோபித்துக்கொள்ளாதே. அன்றிலிருந்து என் புத்தகத்தில் பலிக்கவில்லை என்ற சொல் எத்தனையோ பக்கத்தில் இருக்கிறது. நீளமான சொல்தான். அதை எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பிள்ளை போனது.

ஆனால் உன்னிடம் சொல்லவில்லை. இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம். அதற்குப் பிறகு நீ அவரிடம் வாய்நிறைய அப்பா என்று கூப்பிட்டதே இல்லை. அவர் முகம் வழிக்கக் கூப்பிட்டால் அடுத்த ஊரில் போய் வழித்துக்கொண்டு வந்தாய். பட்டணத்துக்குப் படிக்கப் போனபோது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய், அவரைத் தாண்டிக்கொண்டு போனாய். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைப்பேன். அவர் கண்ணால் அடக்குவார். அவர் அடக்கினார் என்று சொல்வதும் பாதிப் பொய்தான். உன் கண்ணில் நான் நல்லவளாக இருந்தது எனக்குச் சுகமாக இருந்தது. போன வருஷம் அவர் கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோது, தம்பி வந்துருச்சா என்று மூன்று தடவை கேட்டார். லீவு கிடைக்கவில்லை என்று, அவரை எடுத்த மூன்றாம் நாள்தான் நீ வந்தாய். லீவு கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் கோபத்தை வளர்த்தவள் நான்.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன். பதினோரு பேரும் தங்கக்கம்பி என்று நான் சொல்ல மாட்டேன். அதில் என்னைப் போலப் பயந்தவளும் இருப்பாள், என்னைவிடக் கெட்டிக்காரியும் இருப்பாள், குடித்துவிட்டு வருகிறவனும் இருப்பான். அவன் பெயரை அடித்துவிடு. மற்றவர்களைக் கூப்பிட்டுப் பழக்கு. பத்து நாள் போதாது, ஒரு மாதம் பழக்கு. கீறின இடத்தில் உங்கள் ஊரில் என்ன வைப்பீர்கள் என்று முதல்நாளே கேள். ரிஜிஸ்தரில் பெயர் இல்லை என்பதற்காகத் தள்ளாதே, பெயர் இருப்பதால் மட்டும் நம்பிவிடாதே. இன்னொன்று சொல்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பக்கம் முழுக்கப் பலிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு ஒருத்தி உன் முன்னால் வந்து நின்றால் அவள் சீட்டைப் பிடுங்காதே. உட்காரவைத்து ஒரு வாய்த் தண்ணீர் கொடு. எல்லாமே பலித்தது என்று எழுதிக்கொண்டு வருகிறாளே, அவள் ஊருக்குத்தான் எட்டாம் நாள் நீயே போய்ப் பார். எங்கள் இன்ஸ்பெக்டர் அன்றைக்கு ஒரே ஒரு பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும்.

என் சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அப்பா பெட்டியில் கிடந்ததால் ஓரத்தில் கத்தியின் துரு பட்டிருக்கிறது. இப்போது உனக்கு அதிகாரம் இருக்கிறது. கிழிக்க வேண்டும் என்று தோன்றினால் கிழித்துவிடு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். வேண்டாம் என்று தோன்றினால் திருப்பி அனுப்பு, அடுத்த வாரம் மேலத்தெருவில் எட்டாம் நாள் பார்க்க வேண்டியிருக்கிறது.

பட்டியலை எப்படி முடித்தாலும் சரி, ஆடி அமாவாசைக்குச் சுருளிக்கு வா. போன தடவை நீ வராததால் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க அடுத்த வீட்டுப் பிள்ளையைத்தான் கெஞ்சினேன். இந்தத் தடவை நீ அருவித் தண்ணீரில் நின்று இறைக்க வேண்டும். மந்திரம் சொல்கிறவர் தகப்பன் பெயர் என்ன என்று கேட்பார். நான் கரையில்தான் நிற்பேன். எனக்குக் கேட்கிற மாதிரி, உரக்கச் சொல்.

உன் அம்மா